நாய்க்கு எந்த எலும்பு?

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாளையங்கோட்டையிலோ மேலப்பாளையத்திலோ ஒரு கறிக்கடை முன்னால் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும். "அரைக் கிலோ போடுங்க பாய், அப்படியே நாய்க்கும் கொஞ்சம் எலும்பு போடுங்க." கடைக்காரரும் கட்டையைச் சுற்றிக் கிடக்கும் எலும்புச் சில்லு, சவ்வு, குடல் துண்டு எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிக் கொடுப்பார். பெரும்பாலும் காசு வாங்க மாட்டார். ஓசிதானே என்று யாரும் பைக்குள் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும்!

வேகவைத்த எலும்பு கூடாது என்பது பலருக்கும் தெரியும். பிரியாணிக் கோழிக்கால், சால்னா எலும்பு எல்லாமே இதில் சேர்த்தி. சூட்டில் எலும்பிலுள்ள கொலாஜன் என்ற புரதம் மாறி, வளைந்து கொடுக்கும் தன்மை போய்விடுகிறது. கடித்தால் கூராக உடைந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும்.

அப்படியானால் பச்சை எலும்பு எல்லாமே நல்லதா? அதுதான் இல்லை. குழம்புக்கு வெட்டும்போது கத்தி பட்ட எலும்புக்குக் கூரான முனை ஏற்கெனவே வந்துவிடுகிறது. அளவும் நாய் அப்படியே விழுங்குகிற அளவு. அதனால் கடையில் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை, "வெட்டாம கொடுங்க" என்பதுதான்.

ஆட்டின் கழுத்தெலும்பு, நெஞ்செலும்பு இரண்டும் ஓரளவு மென்மையானவை. துண்டு நாயின் வாயைவிடப் பெரிதாக இருக்கட்டும். சிப்பிப்பாறை, ராஜபாளையம் மாதிரி நீண்ட முகம் உள்ள நாய்க்கு இன்னும் பெரிதாக. மாட்டுத் தொடை எலும்பைக் கடித்தால் கடைவாய்ப்பல் பிளந்துபோகலாம். வளையமாக நறுக்கிய நல்லி எலும்பு கீழ்த்தாடையில் மாட்டிக்கொள்ளும். எலும்பு அதிகமானால் மலம் சுண்ணாம்புக் கட்டி போல இறுகிவிடும்.

இதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒரே கருத்து கிடையாது. ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1993-ல் பச்சை எலும்பை ஆதரித்து ஒரு புத்தகமே எழுதினார். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமோ 2010-ல் நாய்க்கு எலும்பே வேண்டாம் என்று எச்சரித்தது. ஆகவே பாதுகாப்பான எலும்பு என்றால் ஆபத்து குறைந்த எலும்பு என்றுதான் பொருள்.

எலும்பைவிடப் பயப்பட வேண்டியது அதனுடன் ஒட்டி வரும் ஈரலும் நுரையீரலும். ஆட்டின் இந்த உறுப்புகளில் சில சமயம் நீர்க்கட்டிகள் இருக்கும். அதைப் பச்சையாகத் தின்ற நாயின் குடலில் எகினோகாக்கஸ் என்ற நாடாப்புழு வளரும். சில மில்லிமீட்டர்தான் இருக்கும். அதன் முட்டைகள் மலத்தோடு வெளியேறி நாயின் ரோமத்திலும் ஒட்டும். நாயைக் கொஞ்சிவிட்டுக் கை கழுவாமல் சாப்பிடும் பிள்ளையின் ஈரலில் அதே நீர்க்கட்டி வரலாம். தாமிரபரணி வாய்க்கால் கரையில் கறிக்கழிவைக் கொட்டினாலும் இதேதான். தெருநாய் தின்னும், அது கழித்த இடத்தில் ஆடு மேயும், சுற்று தொடரும். உள்ளுறுப்பு கொடுப்பதென்றால் நன்றாக வேகவைத்துத்தான். மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பூச்சி மருந்தும் அவசியம்.

அடுத்தது நெல்லை வெயில். 32 டிகிரிக்கு மேல் போனால் பச்சை மாமிசம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது. நாய் மண்ணில் புதைத்து நாளைக்குத் தோண்டித் தின்பது பார்க்க அழகுதான், ஆனால் விடாதீர்கள். ஃப்ரீசரில் வைத்தாலும் சால்மோனெல்லா சாகாது. கை, தட்டு, தரை எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

கடிக்கும்போது பக்கத்தில் ஆள் இருப்பது முக்கியம். திரும்பத் திரும்ப வாந்தி, எச்சில் வடிதல், முக்கியும் மலம் வராமை இருந்தால் காத்திருக்கக் கூடாது. மீன் முள்ளுக்குச் சோற்று உருண்டை விழுங்குகிற வைத்தியம் இங்கே வேண்டாம். ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, அங்கே கொண்டுபோகலாம்.

எலும்பு தின்னாமலும் ஒரு நாய் ஆரோக்கியமாக வாழும். சுண்ணாம்புச் சத்துக்கு வேறு வழி இருக்கிறது, மருத்துவரைக் கேட்டால் சொல்வார். சந்தேகமாக இருந்தால் கொடுக்காமல் விடுவதே நல்லது. வாலை ஆட்டிக்கொண்டு வரும் அதற்குப் பைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது, நமக்குத்தான் தெரிய வேண்டும்.