ஷூட்டிங்குக்கு வீடு விடலாமா?

எனக்கு ஒரு வியாதி உண்டுங்க. படத்துல ஹீரோவும் ஹீரோயினும் உருகி உருகிப் பாடிக்கிட்டு இருப்பாங்க, நான் பின்னாடி நிக்கிற தூணைப் பாத்துட்டு "இது எந்த ஊரு?"ன்னு கேப்பேன். கூட உக்காந்திருக்கறவங்க கொலைவெறியோட திரும்பிப் பாப்பாங்க.

ஆனா இந்த வியாதியால கொஞ்சம் பொது அறிவு வளர்ந்திருக்கு. "பம்பாய்" (1995) படத்துல மனீஷா கொய்ராலா ஒரு கல்யாண வீட்ல பாடுவாங்களே, அது கல்யாண வீடே இல்ல. மதுரை திருமலை நாயக்கர் மஹால். 1636ல கட்டினது. திருமலை நாயக்கரோட பேரன் சொக்கநாத நாயக்கர் அதுல பெரும்பகுதியைப் பிரிச்சு திருச்சிக்குக் கொண்டு போயிட்டார். மிச்சம் இருக்கற கொஞ்சத்துக்கே நாம இப்படி வாயைப் பொளக்கறோம்.

"மணிச்சித்ரதாழு" (1993) படத்துல வர்ற மாடம்பள்ளி வீட்டோட சில பகுதிகள் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து பத்மநாபபுரம் அரண்மனை. (வேற சில பகுதிகள் திருப்பூணித்துறை ஹில் பேலஸ்.) இருக்கற இடம் தமிழ்நாடு, பாத்துக்கறது கேரளத் தொல்லியல் துறை. ஒரு காலத்துல திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தோட தலைநகரம். நான் போயிருந்தப்ப ஒரு குடும்பம் கைடு கிட்ட கேட்ட ஒரே கேள்வி, "நாகவல்லி ரூம் எங்க இருக்கு?"

இதுல எனக்குப் பிடிச்சது "16 வயதினிலே" (1977). ஸ்டுடியோவை விட்டு கேமராவை கிராமத்துக்குத் தூக்கிட்டுப் போன படம்னு கொண்டாடறோம் இல்லையா, அந்தத் தமிழ் கிராமத்தைப் பெரும்பாலும் எடுத்தது கர்நாடகாவுல, கொள்ளேகால் பக்கம்!

இப்படி ஒரு இடத்தை இன்னொண்ணா காட்டறதுதான் சினிமாவோட தொழில். அதுல எனக்கு சண்டை ஒண்ணும் இல்ல. படக்குழு பேக்கப் சொல்லிட்டுக் கிளம்பினதுக்கு அப்புறம் அந்த இடத்துக்கு என்ன ஆகுதுங்கறதுதான் என் கேள்வி. கொடைக்கானல்ல டெவில்ஸ் கிச்சன்னு ஒரு இடம் இருந்துச்சு. "குணா" (1991) வந்துச்சு, அந்தப் பேரே போயி குணா குகை ஆயிடுச்சு. ஆட்கள் விழுந்து செத்த பள்ளம் அது. 2006ல கேரளத்துப் பசங்க கூட்டத்துல ஒருத்தர் விழுந்து உயிரோட மீண்ட கதைதான் 2024ல "மஞ்ஞும்மல் பாய்ஸ்" ஆச்சு. அந்தப் படத்துக்கு குகையைப் பெரும்பாலும் செட் போட்டுத்தான் எடுத்தாங்க. புத்திசாலித்தனம். ஆனா படம் ஓடினதும் கூட்டம் நிஜப் பள்ளத்தைப் பாக்கத்தான் கிளம்புச்சு.

குகைக்கு வனத்துறை இருக்கு, மஹாலுக்குத் தொல்லியல் துறை இருக்கு. வேலி போடலாம், அனுமதி இல்லன்னு சொல்லலாம். தனியார் வீட்டுக்கு யார் இருக்கா?

இந்தக் கேள்விக்கு ஒரு பதில் எனக்குக் கிடைச்சது நண்பன் வீட்டுல. காரைக்குடிப் பக்கம் நகரத்தார் வீடு அவங்களோடது. முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு, மூணாங்கட்டுன்னு ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியும். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடித் தரை, கண்ணாடி மாதிரி வழவழன்னு சுண்ணாம்புப் பூச்சு. பர்மா, மலேயா, சிலோன்னு போய் சம்பாதிச்ச காலத்துல கட்டின வீடு. 1942ல ஜப்பான் படை பர்மாவுக்குள்ள வந்தப்ப கையில கிடைச்சதோட திரும்பி வந்தவங்க நிறைய பேர். வீடு நின்னுச்சு, அதைப் பராமரிக்க வேண்டிய வரும்படி நின்னு போச்சு.

அந்த வீட்டைப் பத்து நாள் ஷூட்டிங்குக்குக் கேட்டாங்க.

இந்த மாதிரி வீட்டுக்கு ஓனர்னு ஒருத்தர் கிடையாது. பங்காளிகள் அத்தனை பேரும் ஓனர். கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி, வளவைச் சுத்தி ஆளுக்கொரு அறை. இவங்க வீட்டுக்கு இப்ப பதினோரு பங்கு. சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர், நியூஜெர்சின்னு எல்லாரும் வீடியோ கால்ல வந்தாங்க. நான் அன்னிக்கு அவன் வீட்டுல தோசை சாப்பிட்டுக்கிட்டு ஓசியில கேட்டுக்கிட்டு இருந்தேன்.

அவனோட அப்பத்தா ஒரே போடா போட்டாங்க. "படைப்பு வைக்கிற வீடு. செருப்புக் காலோட ஊரே உள்ள வரும், அதெல்லாம் வேண்டாம்."

பெரியப்பச்சி குரல் கொஞ்சம் உயர்ந்துச்சு. "ஆத்தா, போன மழையில ரெண்டாங்கட்டு உத்தரம் உளுத்துப் போச்சு. ஓடு பிரிச்சு மேய யாரு குடுக்கறது? பதினோரு பேரும் போன வருசம் குடுத்தோமா?"

யாரும் பேசல. அப்புறம் நியூஜெர்சி அண்ணன் மெதுவா, "பேசாம வித்துட்டா என்ன?"ன்னார். அதுக்கப்புறம் நடந்த சண்டையை இங்க எழுத முடியாது.

வித்தா என்ன ஆகும்னு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் போனீங்கன்னா தெரியும். பழைய சாமான் கடைகள்ல வீடு துண்டு துண்டா இருக்கும். தூண் ஒரு பக்கம், நிலைக்கதவு ஒரு பக்கம், கல்யாணத்துக்கு வாங்கின பித்தளை அண்டா ஒரு பக்கம். கஜலட்சுமி செதுக்கின ஒரு நிலையை சுவத்துல சாத்தி வச்சிருந்தாங்க. எத்தனை பொண்ணு மாப்பிள்ளை அதுக்குள்ள நுழைஞ்சிருப்பாங்களோ. 2014ல யுனெஸ்கோவோட உத்தேசப் பட்டியல்ல செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தாச்சு, சந்தோஷம். அதுக்காக மழை ஓட்டு வழியா இறங்காம இருக்குமா?

அதனால வாடகை வேணும். அதே சமயம் அப்பத்தா பயந்ததுலயும் நியாயம் இருக்கு. அதே ஊர்ல முன்னாடி ஷூட்டிங் நடந்த ஒரு வீட்டை அவன் எனக்குக் காட்டினான். சுவரு பழசாத் தெரியணும்னு ஆர்ட் டிபார்ட்மென்ட்காரங்க ஏதோ பெயின்ட் அடிச்சிருக்காங்க. சுண்ணாம்புப் பூச்சு மேல அடிச்சதைச் சுரண்டினப்ப பளபளப்பும் சேர்ந்து போயிடுச்சு. நூறு வருசப் பழசு சுவரு, அதைப் பழசாக் காட்ட பெயின்ட்! ஆத்தங்குடிக் கல்லு சூளையில சுட்டது கிடையாது. கண்ணாடி மேல அச்சு வச்சு, கலர் சிமென்ட் ஊத்தி, தண்ணியில ஊறப் போட்டு எடுக்கறது. மனுசக் கால் நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க மெருகு ஏறும். கிரேன் சக்கரத்துக்கு அது தாங்காது. அந்த வீட்டு வளவுல ரெண்டு கோடு இன்னும் அப்படியே இருக்கு.

கடைசியில ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஒரு முடிவு வந்துச்சு. ஒப்பந்தத்துல எழுதினது இவ்வளவுதான்:

மரத்துல ஆணி கிடையாது. சுவத்துல பெயின்ட், டேப் ரெண்டும் கிடையாது, வேணும்னா முன்னாடி தட்டி வச்சு அதுல அடிச்சுக்கணும். தரையில பலகை விரிக்காம டிராலி உருளக் கூடாது. வளவுல செயற்கை மழை கிடையாது. ஜெனரேட்டர், சமையல், கழிப்பறை எல்லாம் வீட்டுக்கு வெளிய. படைப்பு அறை பூட்டியே இருக்கும், சாவி அப்பத்தா கிட்ட. முன்பணத்துல ஒரு பகுதியைப் பிடிச்சு வச்சுக்கிட்டு, எல்லாம் சரியா இருந்தா திருப்பித் தரணும். வர்ற வாடகை பதினொண்ணாப் பிரியாது, மொத்தமும் ஓட்டுக்குத்தான்.

என் பங்குக்கு நான் சொன்னது ஒண்ணே ஒண்ணு. எங்க வேலையில எதையும் மாத்தறதுக்கு முன்னாடி பேக்கப் எடுப்போம். அதே மாதிரி சாவி குடுக்கறதுக்கு முந்தின நாள் ஒவ்வொரு சுவரையும், தூணையும், தரையையும் தேதியோட போட்டோ எடுத்து ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போடணும். எடுத்தோம். நானூத்திச் சொச்சம் போட்டோ, முதுகு ஒடிஞ்சு போச்சு.

கம்பெனி மேனேஜர் கொஞ்சம் முனகினார், அப்புறம் ஒத்துக்கிட்டார். பத்து நாளும் அப்பத்தா முகப்புத் திண்ணையை விட்டு நகரல. அஞ்சாவது நாள்ல இருந்து லைட் பசங்களுக்கு மோர் போக ஆரம்பிச்சுச்சாம். ஒரு பையன் "ஆச்சி, இந்தத் தூணை நான் பாத்துக்கறேன், நீங்க உள்ள போய் படுங்க"ன்னானாம்.

படம் வந்துச்சு. வீடு மொத்தம் ஏழு எட்டு நிமிஷம் வரும், ஒரு ஜமீன் மாளிகையா, வேற ஊர் பேர்ல. தியேட்டர்ல ஒரு வாரம் கூடத் தாங்கல.

ரெண்டாங்கட்டுல புது உத்தரம் போட்டு, ஓடு முழுக்கப் பிரிச்சு மேஞ்சாச்சு. ஐப்பசி மழையில ஒரு சொட்டு இறங்கலையாம். அடுத்தது மூணாங்கட்டு. யாராவது வீடு கேட்டா சொல்லுங்கன்னு இப்ப அப்பத்தாவே சொல்றாங்க. அந்த ஒப்பந்தத் தாளைப் பத்திரமா மடிச்சு, படைப்பு அறை சாவியோட வச்சிருக்காங்க.