வயசான நாயைத் தொட்டுப் பார்க்கிறவர்களுக்கு

"ஆபரேஷன் தாங்குமுங்களா?" வயசான நாயைத் தூக்கி வருகிறவர்கள் அதை மேஜையில் வைப்பதற்கு முன்பே இதைத்தான் கேட்கிறார்கள். நாமக்கல், ராசிபுரம், சேந்தமங்கலம், திருச்செங்கோடு என்று நான் வைத்தியம் பார்க்கிற ஊர்களில் எங்கே போனாலும் இதே கேள்வி. புதிதாகத் தொழிலுக்கு வருகிற தம்பி தங்கைகள் உடனே ரத்தத்தை எடுத்துப் பார்த்து, தாங்கும், தாங்காது என்று பதில் சொல்கிறார்கள். நான் வேறொன்றைக் கேட்பேன். தாங்கிய பிறகு அந்த நாய்க்கு என்ன கிடைக்கும்? பழையபடி களத்தில் படுத்து, சோறு தின்று, வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து போகுமா? போகும் என்றால் கத்தியை எடுக்கலாம்.

வயசை மட்டும் பார்த்துக் கத்தியை வேண்டாம் என்பதும் தப்புதான். பெட்டை நாய்க்கு ஹீட் வந்து ஒன்றிரண்டு மாதம் கழித்து, குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறது, தின்ன மாட்டேன் என்கிறது, வயிறு உப்பியிருக்கிறது என்று வந்தால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ராசிபுரத்தில் ஒரு தறிக்காரர் வீட்டுப் பொமரேனியன், பதிமூன்று வயசு, அப்படித்தான் வந்தது. "இந்த வயசுல அறுக்கணுமா சார்?" என்றார் வீட்டுக்காரர். அறுக்காவிட்டால் சீழின் விஷம் ரத்தத்தில் ஏறி அது செத்துவிடும். அறுத்தால் நோயின் வேரே போய்விடும். ராத்திரி முழுக்க டிரிப் ஏற்றி, நீர்ச்சத்தைச் சரிக்கட்டி, காலையில் மேஜையில் போட்டோம். வயசான உடம்புக்கு மயக்க மருந்தை அவசரமில்லாமல், கண்ணிமை அனிச்சையைப் பார்த்துப் பார்த்து ஏற்ற வேண்டும். குளிர் ஏறாமல் இருக்க வெந்நீர் பாட்டில்களைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்க வேண்டும். தையல் பிரிக்கக் கொண்டுவந்த அன்று அந்த நாய் என்னைப் பார்த்துக் குரைத்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எனக்குக் கை பழக்கியவர் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் என் ஆசிரியர். 1985இல் தொடங்கிய கல்லூரி. ஆடு, மாடு, கோழிக்கென்றே பேர் வாங்கிய ஊரில் அது இருந்தாலும், அவர் ஒரு தெருநாயைத் தொடுகிற விதத்தைப் பார்ப்பதற்கென்றே நாங்கள் நிற்போம். மேஜையில் ஏற்றுவதற்கு முன் நாயை வாசலிலிருந்து நடந்து வரச் சொல்வார். எந்தக் காலைக் கடைசியாக ஊன்றுகிறது, உட்காரும்போது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார். பிறகு உள்ளங்கையை விரித்துக் கழுத்திலிருந்து கீழே கொண்டுபோவார். கட்டி இருக்கிற இடத்துக்குக் கடைசியில்தான் கை போகும். "கட்டியை விரல் பார்த்துக்கும். கண்ணு முகத்துல இருக்கட்டும்" என்பார். வலிக்கிற இடம் வரும்போது நாய் கத்தாது. உதட்டை நக்கும், காதைப் பின்னால் இழுக்கும், ஒரு மூச்சை நிறுத்திப் பிடிக்கும். இந்த மூன்றையும் பிடிக்க எனக்குப் பல வருஷம் ஆனது.

சேந்தமங்கலம் பக்கத்துக் கோழிப்பண்ணை ஒன்றிலிருந்து ராஜபாளையம் கலப்பு நாய் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். உடைந்த முட்டையைத் தின்றே வளர்ந்த உடம்பு. கடைசி மடியில் தேங்காய் அளவுக் கட்டி, அடியில் புண். பெங்களூரில் இருக்கிற அந்த வீட்டு மகன் போனில், "செலவைப் பத்திக் கவலை இல்லீங்க, மெட்ராஸ் வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கே வேணாலும் கொண்டு போலாமுங்க" என்றார். பால்மடிக் கட்டியில் பாதிக்குப் பாதி கெட்ட கட்டிதான். அதனால் கத்தியைத் தொடும் முன் நெஞ்சு எக்ஸ்ரே கட்டாயம். எடுத்துப் பார்த்தோம். நுரையீரல் முழுக்க வெள்ளை உருண்டைகள். கட்டி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. மடியை அறுத்தால் பெரிய காயம் ஆறுவதற்குள் நெஞ்சு முந்திக்கொள்ளும்.

நாயை வளர்த்தவர் மகனின் அம்மா. அவரிடம்தான் கேட்டேன். "ஆத்தா, ராத்திரி இது எங்க படுக்குது?"

"முந்தியெல்லாம் கோழிக் கொட்டாயைச் சுத்தி வருமுங்க. இப்ப வாசப்படியோட சரிங்க. ஆனா நான் கட்டுத்தரைக்குப் போனா பின்னாலயே வந்துருமுங்க."

தின்கிறதா? தின்கிறது. வாலாட்டுகிறதா? ஆட்டுகிறது. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் அலிஸ் வில்லலோபோஸ் 2004இல் இதற்கென்று ஒரு கணக்கே போட்டுக் கொடுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் கூடுதலா என ஏழு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க், 35க்கு மேல் வந்தால் தொடரலாம். நல்ல கணக்குதான். ஆனால் மார்க் போடச் சொன்னால் வீட்டுக்காரர்கள் திகைக்கிறார்கள். கட்டுத்தரைக்குப் பின்னாலேயே வருகிறதா என்று கேட்டால் உடனே பதில் வருகிறது. அந்த நாய்க்கு நாங்கள் கத்தி வைக்கவில்லை.

கத்தி வைக்கவில்லை என்றால் சும்மா விட்டுவிட்டோம் என்று அர்த்தமில்லை. இந்த வைத்தியத்தில் வேலை அதிகம். புண்ணை உப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும். நாற்றம் வந்தால் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவலாம், நாற்றத்தைக் கிளப்புகிற கிருமிக்கு அது நன்றாகக் கேட்கும். நம் பக்கத்து வெயிலில் ஈ ஒரே நாளில் புழு வைத்துவிடும், அதனால் காலையும் மாலையும் விளக்குப் பிடித்து மடிப்புகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். டைல்ஸ் தரை இடுப்பு வலுவிழந்த நாய்க்கு எதிரி. தண்ணீர்த் தொட்டி வரை சாக்கு விரித்துவிட்டால் அதுவே நடந்து போகும். எழ முடியாத நாயைச் சில மணிக்கு ஒருதரம் பக்கம் மாற்றிப் போடாவிட்டால் இடுப்பெலும்பு மேல் தோல் வெந்துவிடும்.

வலிக்கு மெலாக்சிகாம் நல்ல மருந்து, சிறுநீரகம் சரியாக இருந்தால், வயிற்றில் சோறு இருந்தால். வீட்டில் யாருக்கோ மூட்டுவலிக்கு வாங்கி வைத்த டைக்ளோஃபெனாக்கை நாய்க்கும் கொடுத்துவிட்டு, தார் மாதிரி கறுப்பாகப் போகிறது என்று ஓடி வருகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. அது ஏறிய மாட்டின் பிணத்தைத் தின்று பிணந்தின்னிக் கழுகுகள் அழிந்துவந்ததால் 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். நாயின் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும்கூட அது ஆகாது. முதல் நாளே வீட்டு மருந்து டப்பாவைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

சிறுநீரகம் கெட்ட நாய்தான் நம்மை அதிகம் சோதிக்கும். முக்கால்வாசி வேலை நின்ற பிறகுதான் ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறிக் காட்டும். அதனால் ஏறிவிட்டதே என்று உடனே கைவிடவும் கூடாது, இறக்கியே தீருவேன் என்று வாரக்கணக்கில் கூண்டில் வைத்து டிரிப் ஏற்றவும் கூடாது. நான் மூன்று நாள் என்று முன்கூட்டியே பேசிக்கொள்கிறேன். மூன்றாம் நாள் கிரியேட்டினின் இறங்கி, தானாக வாய் வைத்தால் மேலே போவோம். இல்லையென்றால் கேனுலாவைக் கழற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். நாள் குறிக்காமல் தொடங்கினால் நிறுத்துவதற்கு யாருக்கும் மனசு வராது.

வீட்டில் தோலுக்கடியில் ரிங்கர் லாக்டேட் ஏற்றச் சொல்லிக் கொடுக்கலாம். தோள்பட்டைகளுக்கு நடுவில் தோலைக் கூடாரமாகத் தூக்கி ஊசியைச் சாய்த்து விட வேண்டும். பாட்டிலை முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு எடுத்தால் நாய் நெளியாது. தோட்டத்துப் பெண்கள் இதை என்னிடம் பழக வருகிற மாணவர்களைவிடச் சீக்கிரம் பழகிக்கொள்கிறார்கள். பாஸ்பரஸ் குறைவு என்பதால் வேகவைத்த முட்டை வெள்ளைக்கரு இந்த நாய்களுக்கு ஏற்றது. அதற்கு நம் ஊரில் பஞ்சமில்லை.

நெஞ்சு வலுவிழந்த நாய் தூங்கும்போது அதன் மூச்சை ஒரு நிமிஷம் எண்ணி, நோட்டில் எழுதி வைக்கச் சொல்வேன். முப்பதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் போன் பண்ணச் சொல்வேன்.

ஆத்தாவின் நாய் கட்டுத்தரைக்கு வராத நாள் வந்தது. அவரே ஆள் அனுப்பினார். கடைசி ஊசியை முடிந்தவரை அது படுக்கிற இடத்திலேயே போடுங்கள். முதலில் மயக்கத்துக்கு ஊசி, ஆழ்ந்து தூங்கிய பிறகு முன்னங்காலில் கேனுலா, அதன் வழியாகத் தயோபென்டோன். கேனுலாவை உள்ளே நிறுத்தி, சலைன் விட்டுப் பார்த்து, நரம்பில்தான் இருக்கிறது என்று உறுதியான பிறகே மருந்தைத் தொட வேண்டும். கண் மூடாது, பிறகும் ஒன்றிரண்டு மூச்சு இழுப்பது போலத் தெரியலாம், சிறுநீர் போகலாம் என்று முன்கூட்டியே வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் உயிர் இருக்கும்போதே விட்டுவிட்டோமோ என்று காலமெல்லாம் நினைப்பார்கள். ஸ்டெத்தை வைத்து ஐந்து நிமிஷம் முழுசாகக் கேட்ட பிறகே வாயைத் திறங்கள். குழியை இடுப்பளவுக்கு மேல் தோண்டச் சொல்லி, மேலே கல் அடுக்கச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அந்த மருந்து உடம்பிலேயே தங்கியிருக்கும். வேறு நாய் தோண்டித் தின்றால் அதுவும் போய்விடும்.