காற்று விழும்வரை

இலங்கையின் உலர்வலயக் காடு தானாகத் தீப்பிடிப்பது அரிது. மின்னல் வந்தால் மழையும் கூடவே வந்துவிடும். ஆகவே மே முதல் செப்டெம்பர் வரை, கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் திருகோணமலைக் காட்டில் எங்கே புகை எழும்பினாலும் அது மனிதர் வைத்த தீ என்றே கொள்ளலாம். அப்படித் தீ வைப்பவர்களில், அதைக் கட்டி ஆளத் தெரிந்தவர்களைப் பார்க்கவே மூதூருக்குத் தெற்கே, வெருகல் பக்கம் போனேன்.

மாரிக்கு முன் சேனை எரிக்கும் காலம். நான் போனது ஒரு பேர்மிட் காணி. சண்டைக் காலத்தில் ஆளில்லாமல் கிடந்து பற்றையாகிப் போனது. கிழக்கு எல்லையை ஒட்டியே பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் ஒதுக்குக்காடு. ஓகஸ்டில் வெட்டிப் போட்ட பற்றை காய்ந்து, கால் வைத்தால் நொறுங்கியது.

"தீ வைக்கிறது கடைசி வேலை மகன். முதல் வேலை இந்தக் கோடுதான்" என்றார் அறுபதைத் தாண்டிய பெரியவர். காணியைச் சுற்றி 10 அடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி, வெறும் மண் தெரிய விட்டிருந்தார்கள். செதுக்கியதை வெளியே தள்ளாமல் உள்ளே இழுத்துப் போட்டிருந்தார்கள். எல்லையோர மரங்களையும் உள்பக்கமாகவே சாய்த்திருந்தார்கள். காட்டுப் பக்கக் கோடு மட்டும் இரட்டை அகலம். பெண்கள் அதை விளக்குமாற்றால் மறுபடி கூட்டிக்கொண்டிருந்தார்கள். சுத்தமாகத்தானே இருக்கிறது என்றேன். "ஒரு காஞ்ச இலை கிடந்தாலும் போதும் தம்பி, அதில ஏறி அங்கால போயிடும்" என்றார் ஓர் அம்மா, நிமிராமலே.

மதியத்துக்குள் எல்லாம் தயார். கிராம சேவகருக்கும் பக்கத்துக் காணிக்காரருக்கும் முன்கூட்டியே சொல்லியாயிற்று. உழவு இயந்திரப் பெட்டியில் தண்ணீர்ப் பீப்பாய்கள் நின்றன. ஆனால் யாரும் நெருப்புப் பெட்டியைத் தொடவில்லை. பெரியவர் அடிக்கடி ஒரு பிடி மண்ணை அள்ளித் தூவிப் பார்த்தார். "காத்து விழட்டும்." வெயில் சாய்ந்த பிறகே அது விழுந்தது.

முதல் கொள்ளியை அவர் வைத்தது கிழக்கில், காட்டை ஒட்டிய விளிம்பில். எனக்குப் பகீரென்றது. ஆனால் மேற்கிலிருந்து இன்னும் லேசாக வரும் காற்றை எதிர்த்துத்தான் அந்தத் தீ உள்ளே நகர வேண்டும் என்பதால் அது முழங்கால் உயரத்தில், மெல்ல ஊர்ந்தது. ஊர்ந்த இடமெல்லாம் கருகி, தீக்குத் தின்ன ஒன்றுமில்லாத அகலப் பட்டையாயிற்று. அதன் பிறகே இரு பக்கமும், கடைசியாக மேற்கும். மேற்குத் தீ காற்றோடு பனை உயரத்துக்கு எழும்பி ஓடி வந்தது. கருகிய பட்டையில் முட்டித் தணிந்தது.

ஒரு பொறி கோட்டைத் தாண்டிப் புல்லில் விழுந்தது. ஓர் இளைஞன் பச்சைக் குழையால் அதை அடிக்காமல் அழுத்தித் தேய்த்தான். ஓங்கி அடித்தால் பொறி சிதறும் என்றான்.

மறுநாள் காலையில்தான் எனக்குத் தெரியாத வேலை தொடங்கியது. பாலைக் கட்டை வெளியே அணைந்தாலும் வேருக்குள் நாள்கணக்கில் கனலுமாம். ஒவ்வொரு கட்டையின் மேலும் புறங்கையை வைத்துப் பார்த்து, சூடு தெரிந்த இடத்தைத் தோண்டித் தண்ணீர் ஊற்றினார்கள்.

சேனையால் காட்டுக்குக் கேடே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. முன்பு ஒரு துண்டு நிலத்தை வருடக்கணக்கில் ஆறவிட்டார்கள். இப்போது அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. ஆனால் மான் மேய இளம்புல் தளிர்க்கட்டும் என்று வேட்டைக்காரர் வைக்கும் தீக்கும், தேன் எடுத்தபின் வீசி எறியும் பந்தத்துக்கும், வீதியோரம் கொளுத்தும் குப்பைக்கும் கோடும் இல்லை, காவலும் இல்லை. அவை எரித்த இடத்தில் கினிப்புல்லும் இலுக்கும் ஏறும். மறு கோடையில் அதுவே காய்ந்து மறுபடி எரியும். முதிரையும் கருங்காலியும் அங்கே திரும்பித் தலைதூக்க இடமே கிடைக்காது.

ஒதுக்குக்காட்டில் தீ மூட்டுவது 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கக் காட்டுச் சட்டப்படி குற்றம். அது இருக்கட்டும், தேவைதான். அதோடு, ஓகஸ்ட் பிறக்குமுன் காட்டோரத் தீக்கோடுகளை வெட்ட, வன அதிகாரிகள் இந்தப் பெரியவரைப் போன்றவர்களைக் கூலி கொடுத்து அழைக்க வேண்டும். காற்றுப் பார்த்துக் கொள்ளி வைக்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஒரு சிலர்தான் மிஞ்சியிருக்கிறார்கள்.

கோடையில் இந்தப் பக்கம் வருகிறவர்களே, வழியில் சமைத்தால் அடுப்பில் தண்ணீர் ஊற்றி, சாம்பலில் கைவைத்துப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். காட்டோரம் புகை கண்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு உடனே சொல்லுங்கள். இலக்கம் 117.