அப்பா கேட்ட ஆட்டோ ஸ்டியரிங்!

"டேய், ஸ்டியரிங்கைத் தானாவே திருப்புற மெஷின் வந்திருக்காமே. எது நல்லதுன்னு பார்த்துச் சொல்லு!"

படவேட்டிலிருந்து அப்பா போன். நான் கிண்டியில் ஒரு ஆபீஸில் பில் போடுகிறவன். ஆனால் கம்ப்யூட்டரைத் தொடுகிறவனுக்கு உலகத்திலுள்ள எல்லா மெஷினும் தெரியும் என்பது எங்க ஊர் நம்பிக்கை!

அப்பாவுக்கு வயசு 64. பழைய டிராக்டரில் எங்க இரண்டரை ஏக்கரையும் உழுது, ஊருக்கும் வாடகைக்கு ஓட்டுவார். ரேணுகாம்பாள் கோயில் ஆடிக் கூட்டத்திலேயே டிரெய்லரோடு ரிவர்ஸ் எடுக்கிற ஆசாமி. இவருக்கு எதுக்கு சாட்டிலைட்?

ஆனாலும் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து படித்தேன். சாதாரண ஜி.பி.எஸ். நாலைந்து மீட்டர் தப்பும். எங்க வரப்போ ஒரு அடி அகலம். பங்காளி கொல்லையை உழுதுவிட்டு 'சாட்டிலைட் சொல்லிச்சு' என்றால் பஞ்சாயத்தில் ஒத்துக்கொள்வார்களா? (2000 மே வரை அமெரிக்கா வேண்டுமென்றே சிக்னலைக் கெடுத்து வைத்திருந்தது. அப்போது நூறு மீட்டர்கூடத் தப்புமாம். ஒரு பங்காளி இல்லை, பத்துப் பங்காளி!)

ஆர்.டி.கே. என்று ஒன்று இருக்கிறது. அசையாத இடத்தில் ஒரு ரிசீவர் நின்று, 'இவ்வளவு தப்பு, திருத்திக்கோ' என்று டிராக்டருக்கு ரேடியோவிலோ செல்போன் நெட்வொர்க்கிலோ சொல்லும். இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் பிசகும். விலை லட்சங்களில். தவிர, எங்க கொல்லையில் மாமரத்தில் ஏறினால்தான் டவர்!

அடுத்து கணக்கு. எங்க பெரிய துண்டே நாற்பது மீட்டர் நீளம். மணிக்கு நாலு கிலோமீட்டரில் போனால் 36 செகண்டில் முடிந்துவிடும். முனையில் திரும்புவது, சாதா மாடல்களில் நம்ம வேலைதான். நூறு ஏக்கர் ஒரே சதுரமாக வைத்திருக்கிறவனுக்கு லாபம். நமக்கு?

சனிக்கிழமை ஊருக்குப் போய் திண்ணையில் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"முக்கியமா, டிராக்டர் எங்க நிக்குதுன்னுதான் அதுக்குத் தெரியும்பா. எதிர்ல எருமை நின்னா தெரியாது."

"கெணறு?"

"அதுவும் தெரியாது. நீங்கதான் பார்த்துக்கணும்."

அப்பா பேசவில்லை. உள்ளேயிருந்து அம்மா குரல் வந்தது. "பார்த்துக்கினாரு, போன மாசம்!"

பொழுது சாயற நேரம் முன்சக்கரம் கிணற்று ஓரத்தில் போய் நின்றிருக்கிறது. ரெண்டடிதான் பாக்கி. எனக்குச் சொல்லவே இல்லை.

"கோடு ரெண்டு ரெண்டா தெரியுதுடா" என்றார் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு. "சால் கோணலா போவுதுன்னு வாடகைக்குக் கூப்பிடறவன்கூட சிரிக்கிறான். அதான் மெஷின் கேட்டேன்."

பத்து நாளாக நான் சென்டிமீட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். எதுக்குக் கேட்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டிராக்டர் சாவி அம்மாவின் இடுப்புக்குப் போனது. திங்கட்கிழமை லீவு போட்டு ஆரணிக்குக் கூட்டிப்போனேன். இரண்டு கண்ணிலும் புரை.

"எத்தனை நாளா இப்படி?" என்றார் டாக்டர்.

"அது கெடக்கட்டும் சார்" என்றார் அப்பா. "எந்த மெஷின் நல்லதுன்னு இவன் இன்னும் சொல்லவே இல்லை!"