அமுங்கும் பிரேக்

உப்புக்காற்று என்றாலே போர்ட் பிளேயரில் எல்லாரும் துருவைத்தான் பேசுவோம். பிரேக் ஆயிலும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரி வரை தாங்கும். ஈரம் ஏறினால் 140ஐ ஒட்டியே கொதித்துவிடலாம். மவுண்ட் ஹாரியட் இறக்கத்தில் காலை எடுக்காமல் மிதித்தபடி வந்தால் தெரியும், பெடல் பஞ்சாகும்.

எங்கள் வண்டியில் ஆறின பிறகும் அதே கதை. விட்டுவிட்டு மிதித்தால் கெட்டியானது. ஆக, லைனில் காற்று. (மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர். பர்ஸ் அழும்.)

மெக்கானிக் அண்ணனுக்குத் காற்றை வெளியேற்றும், துருப்பிடித்த ப்ளீடர் நட்டைக் கழற்றுவதே பாதி வேலை. "நான் மூடுற வரைக்கும் காலை எடுக்காத தம்பி!" குழாயில் குமிழி குமிழியாக வந்தது, காப்பி நிறத்தில் ஆயில்.

பொதுவாக இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். இந்த ஈரத்துக்கு நான் வருஷாவருஷம் மாற்றுவேன்.