பக்கத்துக் கதிரையில் இருந்த எதிரி

கொம்பனித்தெருவில் என்னோடு வளர்ந்த பொடியன்களில் முக்கால்வாசிப் பேர் கம்ப்யூட்டரை முதன்முதலில் தொட்டது வீட்டிலும் இல்லை, பள்ளிக்கூடத்திலும் இல்லை, கொமினிகேஷன் கடையில். வெளிநாட்டுக்குக் கோல் எடுக்க வருகிறவர்களை நம்பித் தொடங்கிய கடைகள் அவை. ஆளாளுக்குக் கையில் போன் வந்து பலகைக் கூண்டுகள் சும்மா கிடக்கத் தொடங்கியதும், எங்கள் லேனில் கடை வைத்திருந்த நானா அவற்றைக் கழற்றிவிட்டுப் பழைய மெஷின்கள் பத்தைச் சுவரோரம் வரிசையாக வைத்தார். பேர வாவிக் காற்று எட்டாத அறை. இருந்த ஒரே ஃபேன் எங்களைப் பார்த்துச் சுற்றாது, மெஷின்களைப் பார்த்துச் சுற்றும். மவுஸைக் கவிழ்த்து, உருண்டையை வெளியே எடுத்து, உள்ளே படிந்த கறுப்பு அழுக்கை நகத்தால் சுரண்டிய பிறகுதான் ஆட்டம். யார் எத்தனை மணிக்கு உட்கார்ந்தான் என்பது நானாவின் சீ.ஆர். கொப்பியில் ஏறும்.

ஆட்டம் என்றால் கவுண்டர் ஸ்ட்ரைக். 2003இல் வந்த 1.6 பதிப்பு. அதற்கு இன்டர்நெட் வேண்டியிருக்கவில்லை. ஒரு மெஷின் சர்வராக நிற்கும், மற்றவை கேபிள் வழியே ஒரு சுவிட்சில் சேரும்; முழு யுத்தமும் அந்த நாலு சுவருக்குள். என்னைச் சுட்டவன் என் தோளில் இடித்துக்கொண்டு இருப்பான். அவன் சிரிப்பில்தான் நான் செத்தது எனக்குத் தெரியும்.

ஒரு கட்சி குண்டு வைக்கிற டெரரிஸ்ட், மறு கட்சி அதைத் தடுக்கிற கவுண்டர் டெரரிஸ்ட். 2006, 2007இல் கொழும்பில் இருந்த தமிழருக்கு இந்தச் சொற்களின் பாரம் தெரியும். மூலைக்கு மூலை சோதனைச் சாவடி. 2007 ஜூன் 7ஆம் திகதி, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கானோரைப் பொலிஸார் பஸ்ஸில் ஏற்றிக் கொழும்பை விட்டு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. அப்படிப்பட்ட நகரத்தில் ஒரு தமிழ்ப் பொடியன் தெருவுக்குக் கேட்கிற மாதிரி “பொம் வச்சிட்டன்” என்று கத்தினால் என்னவாகும்? நானா அந்தச் சொல்லையே கடைக்குள் தடை செய்தார். அதற்குப் பதில் சோறு. நாங்கள் “சோறு வச்சாச்சு மச்சான்” என்போம். சிங்களப் பொடியன்கள் “பத் திப்பா மச்சங்” என்பார்கள். ஜாவா லேன் மலாய்ப் பொடியன்களுக்கு அது நாசி. மூன்றும் எல்லோருக்கும் விளங்கும். கட்சி பிரிப்பது காசு சுண்டித்தான். எப்போதும் தமிழனே குண்டு வைக்கிற பக்கம் போகக்கூடாது என்பதில் அந்த மனுஷன் எவ்வளவு கண்ணாக இருந்தார் என்பது எனக்கு வளர்ந்த பிறகுதான் உறைத்தது.

தூஷணம் இல்லாமல் இல்லை. தாராளமாக இருந்தது. ஆனால் ஒருநாள் தோற்ற ஆத்திரத்தில் ஒருவன் இன்னொருவனின் இனத்தை இழுத்தபோது, நானா கொப்பியை மூடி வைத்துவிட்டு எழும்பி வந்தார். “சனத்தை இழுத்துக் கதைக்கிறவன் எழும்பு. மிச்சக் காசை வாங்கிட்டுப் போ.” மூன்றாம் நாள் அவன் திரும்பி வந்தான். ஏசப்பட்டவன்தான் நகர்ந்து கதிரையில் பாதி இடம் கொடுத்தான். நான் ஏங்குவது இந்தப் பாதிக் கதிரைக்காகத்தான்.

இப்போது வெள்ளவத்தை ஃபிளாட்டில் அக்காவின் மகன் காதில் ஹெட்செட்டோடு பப்ஜி விளையாடுகிறான். ஒரு ஆட்டத்தில் 100 பேர் வரை இறங்குகிறார்கள். வரைகலை எங்கள் காலத்தோடு ஒப்பிடவே முடியாத அழகு, அதை மறுக்கமாட்டேன். யாரோ ஒருவன் அவன் பெயரைப் பார்த்துவிட்டு அசிங்கமாக ஏசுகிறான். இவன் மியூட் பண்ணிவிட்டு ஆடுகிறான். “அவன் யாரெண்டு தெரியாது மாமா, விடுங்க.” பன்னிரண்டு வயசில் அவனுக்கு அது பழகிவிட்டது. எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

முகம் தெரியாத ஏச்சு ஹெட்செட்டுக்குள் நின்றுவிடுவதில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக்கடையில், சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கூட்டம் சூழ்ந்து மிரட்டியது. சிங்களம் சரியாக விளங்காத கடைக்காரர் பயத்தில் ஏதோ சொல்லிவைக்க, அது ஒப்புதல் வாக்குமூலமாகப் பேஸ்புக்கில் ஓடியது. அடுத்த வாரம் திகனையில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் சில நாள் முடக்கியது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும் அதையே செய்தது. 2018 வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது. 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது; ஆளும் தரப்பைக் கேள்வி கேட்கிற வாயை அடைக்கத்தான் அது உதவும் என்பது என் எண்ணம். நானாவின் கடையில் அந்த மாத்திரைக் கதை ஐந்து நிமிஷம் தாக்குப்பிடித்திருக்காது. ஒரே கொத்து ரொட்டிப் பார்சலைப் பிரித்துத் தின்றவர்கள் நாங்கள்.

அந்தக் கடை இல்லை. லேனும் இல்லை. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது. அந்த ஆண்டு மே மாதம் மியூஸ் வீதி வீடுகள் உடைக்கப்பட்டன. பிறகு ஒவ்வொரு பக்கமாகத் தகரவேலி ஏறியது. பழைய டி சொய்சா கட்டடமும் போய்விட்டது. வாவிக்கரையில் இப்போது 60 மாடிக்கு மேல் அல்டெயர் நிற்கிறது. எங்கள் ஆட்களில் சிலருக்கு அடுக்குமாடியில் வீடு கிடைத்தது. தண்ணீரும் கழிவறையும் உள்ளேயே இருக்கும் வீடு, அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் லிஃப்டில் ஏறிக் கதவைச் சாத்தினால் பொடியன் போனோடு தனியே.

அந்த அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் ஒரு அறையை ஒதுக்கித்தாருங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். பத்து மெஷின், ஒரு சுவிட்ச், கேபிள். கதவடியில் கொப்பியோடு, மூன்று பாஷையும் தெரிந்த, கண்டிப்பான ஒரு ஆள். வெளி இன்டர்நெட் கனெக்‌ஷன் தேவையில்லை. கதிரைகள் மட்டும் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும்.