தண்ணி எந்தப் பக்கம் போகுது?

வந்ததும் அவர் செய்த முதல் வேலை, ஓடிக்கொண்டிருந்த பம்ப்புகளை எல்லாம் நிறுத்தியது. சிங்கப்பூரில் தெம்பனிஸ் வட்டாரத்து வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீடு ஒன்று. வரவேற்பறைச் சுவரை ஒட்டி நான்கடி நீளத்தில், இரண்டடி அகலத்தில், இரண்டடி உயரத்தில் கடல்நீர்த் தொட்டி. உள்ளே உயிருள்ள பவளங்கள். பம்ப் நின்றதும் அதுவரை அசைந்தாடிய இழைகள் தொங்கிப்போயின. அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடப்பக்கத்துப் பம்ப்பை மட்டும் ஓடவிட்டார். மறுபடி பார்த்தார். அதை நிறுத்தி வலப்பக்கத்தை ஓடவிட்டார். கூட வந்த இளைஞர் வாளிகளையும் குழாயையும் எடுத்து வைத்து முடித்தபோதும் இவர் தண்ணீரில் கை வைத்திருக்கவில்லை.

“கிளீனிங்னு சொல்லித்தான் சார் கூப்பிடுவாங்க. வந்தா பாதி நேரம் பாக்குறதுதான் வேலை” என்றார்.

கடல்நீர்த் தொட்டிகளை விற்றுப் பராமரித்தும் கொடுக்கிற ஒரு கடையில் வேலை செய்கிறார். ஊர் தமிழ்நாட்டில் மண்டபம் பக்கம். பவளத் தொட்டி வைத்திருப்பவர்களிடம் நான் பேசியவரையில், விளக்கைப் பற்றி மணிக்கணக்கில் சொல்வார்கள். கால்சியம் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்பதையும் சொல்வார்கள். தண்ணீரின் ஓட்டத்தைப் பற்றிக் கேட்டால் பம்ப்பின் பெயரைச் சொல்லி நிறுத்திவிடுவார்கள். அந்த ஓட்டத்தை உண்மையில் அமைத்துக் கொடுக்கிற கைகளைப் பார்க்க வேண்டும் என்றுதான் அவரோடு கிளம்பினேன்.

பவளம் இருந்த இடத்திலேயே வாழ்கிற விலங்கு. இரையைத் தேடிப் போகாது. கழிவை விட்டு விலகிப் போகவும் முடியாது. மூச்சுக்காற்று, இரை, எலும்புக்கூட்டைக் கட்டத் தேவையான சத்து எல்லாவற்றையும் தண்ணீர் கொண்டுவந்து தர வேண்டும். சளியையும் கழிவையும் அதே தண்ணீர்தான் எடுத்துப் போக வேண்டும். தொட்டி முழுக்கத் தண்ணீர் இருந்தாலும், பவளத்தின் தோலை ஒட்டி அசையாத நீர் ஒரு மெல்லிய படலமாகப் போர்த்தியிருக்கும். உள்ளே போவதும் வெளியே வருவதும் அந்தப் படலத்தைக் கடந்தாக வேண்டும். ஓட்டம் கூடினால் படலம் மெலியும். ஈரத்துணி காற்றடிக்கும் இடத்தில் சீக்கிரம் காய்வதும் இதே கணக்குதான். பகலில் பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளியை வாங்கி ஆக்சிஜனை அளவுக்கு மீறி உண்டாக்குகின்றன. அது வெளியேற வழி வேண்டும். இரவில் பாசிகளின் உற்பத்தி நின்றுவிடும், மூச்சு மட்டும் தொடரும். அப்போது தோலருகே ஆக்சிஜன் பஞ்சம். இரண்டு வேளையிலும் பவளத்தைக் காப்பது நகரும் நீர்தான்.

இது வெறும் ஊகம் இல்லை. 1998இல் உலகெங்கும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. சில இடங்களில் ஒரே இனப் பவளம் ஓரிடத்தில் செத்தது, இன்னோரிடத்தில் பிழைத்தது. நாகமுரா, வான் வோசிக் என்ற இரு ஆய்வாளர்கள் 2001இல் இதைப் பற்றி எழுதினார்கள். ஒகினாவாவில் அக்ரோபோரா என்ற கிளைப்பவளத்தின் துண்டுகளை வெதுவெதுப்பான நீரில், கடும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது, ஓட்டம் குறைந்த தொட்டியில் இருந்தவை வெளுத்து மடிந்தன; வேகமான ஓட்டத்தில் இருந்தவை தாக்குப்பிடித்தன. வீட்டுத் தொட்டிக்கு இதைவிட முக்கியமான பாடத்தை நான் படித்ததில்லை. சிங்கப்பூர் வெப்பத்தில் தொட்டியை 26 டிகிரிக்குள் வைக்க, நீரைக் குளிர்விக்கும் சில்லர் ஓய்வின்றி ஓட வேண்டும். அது பழுதாகிற நாளில் பவளத்துக்கு அவகாசம் வாங்கித் தருவது ஓட்டம்தான்.

இந்த வீட்டில் புகார் ‘டார்ச்’ பவளத்தைப் பற்றியது. யூஃபிலியா இனம், நீண்ட இழைகளின் நுனியில் மஞ்சள் பொட்டு. நான்கு தலைகள். இரண்டு நன்றாக விரிந்திருந்தன; இரண்டு சுருங்கி, எலும்பின் கூரான விளிம்பு வெளியே தெரிந்தது. வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற சீனப் பெரியவர், விளக்கு போதவில்லையோ என்று கேட்டார். இவர் மறுக்கவும் இல்லை, ஆமோதிக்கவும் இல்லை. கோழிக்கறிக்குச் சாறு ஊற்றப் பயன்படும் பெரிய ரப்பர் பீச்சான் ஒன்றை எடுத்து, பாறை இடுக்குகளில் தண்ணீரைப் பீச்சினார். படிந்திருந்த தூசி மேகமாகக் கிளம்பியது. பம்ப்புகளைப் போட்டுவிட்டு, பக்கவாட்டிலிருந்து கைவிளக்கை அடித்து, தூசி எப்படிப் போகிறது என்று பார்க்கச் சொன்னார்.

அதுவரை எனக்குத் தெளிவாக இருந்த தண்ணீர் அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. இடப்பம்ப்பிலிருந்து ஒரு கற்றை நேரே பாய்ந்து டார்ச் பவளத்தின் இரண்டு தலைகள் மேல் மோதியது. மீதித் தூசி பாறைக்குப் பின்னால் போய், ஒரு மூலையில் சுழன்று, அங்கேயே அடங்கியது. அந்த மூலையில் மணல்மேல் செம்பழுப்பு நிறத்தில் சவ்வுபோலப் பாசி படர்ந்திருந்தது. சயனோ என்று கடைக்காரர்கள் சொல்வது. அதற்கு மருந்து ஊற்றியிருக்கிறார் வீட்டுக்காரர். தேங்கும் இடம் இருக்கும்வரை அது திரும்பத்தான் வரும்.

“ரெண்டு தலைக்கு அடி, அந்த மூலைக்குப் பட்டினி. ரெண்டுக்கும் காரணம் ஒரே பம்ப்புதான் சார்” என்றார்.

சதைப்பற்றுள்ள பவளத்தின்மேல் ஒரே திசையில் பீய்ச்சியடித்தால், அந்தச் சதை தன் எலும்பு விளிம்பிலேயே உரசிக் கிழியும். கிழிந்த இடத்தில் நோய் புகும்; பழுப்புக் கூழாகக் கரைந்து ஒரு தலை ஓரிரு நாளில் போய்விடும். அக்ரோபோராவுக்கோ இதே வேகம் போதாது. லெதர் பவளம் அவ்வப்போது மெழுகுபோல் ஒரு தோலை உரிக்கும். அதை அடித்துப் போக ஓட்டம் இல்லாவிட்டால் அடியில் அழுகும். காளான் பவளங்கள் அடங்கிய மூலையைத்தான் விரும்பும். கடலில் இவை வெவ்வேறு ஆழத்தில், வெவ்வேறு முகத்தில் வாழ்பவை. நான்கடிக் கண்ணாடிக்குள் எல்லாவற்றையும் நாம் அண்டைவீட்டார் ஆக்கிவிடுகிறோம்.

கடைகளில் ஒரு கணக்கு சொல்வார்கள். தொட்டியின் கொள்ளளவைப் போல எத்தனை மடங்கு நீர் மணிக்குச் சுழல்கிறது என்பது. மென்பவளங்களுக்கு 10 முதல் 20 மடங்கு, அக்ரோபோரா வகைக்கு 40க்கு மேல் என்று. இந்தத் தொட்டியில் கல்லும் மணலும் போகத் தண்ணீர் 400 லிட்டருக்குள். மணிக்கு 8,000 லிட்டர் தள்ளும் பம்ப் இரண்டு. கணக்குப்படி 40 மடங்கு, குறையே இல்லை. ஆனால் பெட்டியில் அச்சிட்ட எண் எதிரே தடை இல்லாதபோது கிடைப்பது. முன்னால் ஒரு பாறை இருந்தாலே கதை மாறிவிடும். இளைஞர் வலப்பம்ப்பைக் கழற்றிக் காட்டினார். விசிறி இதழ்களில் ஊதா நிறச் சுண்ணாம்புப் பாசி அப்பியிருந்தது. சிட்ரிக் ஆசிட் கலந்த நீரில் ஊறப்போட்டதும் நுரைத்துக் கரைந்தது. இப்படி அப்பிய பம்ப் சொன்ன வேகத்தில் தள்ளாது. யாரும் எதையும் மாற்றாமலேயே ஓட்டம் மாதாமாதம் குறைந்துகொண்டு வரும்.

அவர் செய்தது சின்னச் சின்ன வேலைகள். இடப்பம்ப்பை மேலே ஏற்றி, நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, எதிர்க்கண்ணாடியைப் பார்த்துத் திருப்பினார். கற்றை இப்போது பவளத்தில் மோதாமல் கண்ணாடியில் மோதிச் சிதறிக் கீழே இறங்கியது. வலப்பம்ப்பைப் பாறையின் பின்பக்கம் பாயவிட்டார். மூலையை அடைத்திருந்த ஒரு கல்லை நகர்த்தி, அடியில் கைவிரல் புகும் அளவு வழி விட்டார். திரும்பப் பீச்சான், திரும்பக் கைவிளக்கு. தூசி இப்போது மூலையில் தங்காமல் சுற்றி வந்து வழிகால் வழியாக, வடிகட்டும் கீழ்த்தொட்டிக்குப் போனது. பிறகு செல்பேசியில் பம்ப்புகளின் நேரத்தை அமைத்தார். ஆறு மணி நேரம் இடது ஓங்கி வலது தணிந்திருக்கும். அடுத்த ஆறு மணி நேரம் தலைகீழ். இரவில் இரண்டும் குறையும், ஆனால் நிற்காது.

ஏன் ஆறு மணி நேரம் என்று கேட்டேன்.

“கடல் ஏறுறதும் வத்துறதும் அப்படித்தானே சார். எங்க ஊர்ல கச்சான் அடிக்கிற மாசத்துல தெக்குக் கரை கொந்தளிக்கும், வடக்குக் கரை குளம் மாதிரி கிடக்கும். வாடை வந்தா மாத்தி. போட்டை எடுத்துக்கிட்டு நாங்களே கரை மாறுவோம். அங்க இருக்கிற பவளம் ரெண்டையும் பாத்துத்தானே வளருது? ஒரே பக்கமா வருசம் பூரா அடிச்சா எதுதான் தாங்கும்?”

மண்டபத்துக்கு ஒருபுறம் மன்னார் வளைகுடா, மறுபுறம் பாக் விரிகுடா. பவளப்பாறைகளின் நடுவில் வளர்ந்தவர், பவளம் வளர்க்கக் கற்றது சிங்கப்பூர் வந்துதான். வேறு வழியும் இல்லை. 2001 முதல் கல்பவளங்கள் இந்தியாவில் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. வீட்டில் வைப்பது குற்றம். சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததில் மன்னார் வளைகுடாவில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போன வரலாற்றைப் படித்தவர்கள் அந்தச் சட்டத்தை மதிப்பார்கள். நானும் மதிக்கிறேன். சிங்கப்பூருக்கு வரும் கல்பவளங்கள், அருகிவரும் உயிரினங்களுக்கான சர்வதேச வணிக உடன்படிக்கையின் அனுமதிச் சீட்டோடு வருபவை. அப்படி வந்த உயிரை வாங்கிய பிறகு, அதைச் சாகவிடாமல் வைத்திருப்பது வாங்கியவரின் கடன் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

அடுத்த வீட்டுக்குப் போகும் வழியில், தொட்டிக்குள் அலையை உண்டாக்கப் பழைய ஆட்கள் செய்த முயற்சிகளைப் பற்றி வண்டியில் பேசிக்கொண்டு போனோம். ஹவாயில் வைக்கீக்கி காட்சியகத்தில் புரூஸ் கார்ல்சன் அமைத்த வாளி முறை அவருக்குத் தெரிந்திருந்தது. உயரத்தில் ஒரு வாளி. சிறிய பம்ப் அதை மெல்ல நிரப்பும். மட்டம் வளைந்த குழாயின் கழுத்தைத் தாண்டியதும் மொத்த நீரும் ஒரே மூச்சில் தொட்டிக்குள் இறங்கும். காற்று புகுந்ததும் நின்று, மறுபடி நிரம்பத் தொடங்கும். நகரும் உறுப்பே கிடையாது. அலையின் உந்தலுக்கு இதைவிட நெருக்கமான ஒன்றை நான் அறியேன். ஆனால் இரைச்சல், குமிழி, தெறிக்கும் உப்பு. படுக்கையறைக்குப் பக்கத்தில் வைக்க முடியாது. வீடுகளில் நிலைமை மாறியது ஜெர்மனியின் டுன்ஸே போன்ற நிறுவனங்களின் விசிறிப் பம்ப்புகள் வந்த பிறகு. பழைய பவர்ஹெட் பம்ப்புகள் ஊசிபோல ஒல்லியாகப் பீய்ச்சும். இவை அகலமாகவும் மென்மையாகவும் தள்ளும். மோட்டாரைக் கண்ணாடிக்கு வெளியே வைத்துக் காந்தத்தால் விசிறியைச் சுழற்றும் வோர்டெக் வந்தபின் மோட்டார் சூடும் பெருமளவு வெளியே நின்றது.

அடுத்த வீடு புக்கித் தீமா பக்கம். ஆறடித் தொட்டி, முழுக்க அக்ரோபோரா. மேலிருந்து பார்த்தால் நீலமும் பச்சையுமாக நுனிகள்; பார்க்கிற யாரும் நின்றுவிடுவார்கள். இவர் குனிந்து அடியைப் பார்த்தார். கிளைகளின் கீழ்ப்பகுதி வெள்ளையாகச் செத்திருந்தது. வீட்டுக்காரர் இன்னும் பெரிய பம்ப் வாங்க முடிவு செய்து, விலையையும் விசாரித்து வைத்திருந்தார்.

“பம்ப்பு வேணாம் சார். வெட்டணும்.”

தொட்டி வைத்த புதிதில் விரல் நீளத் துண்டுகளாக இருந்தவை இவை. அன்று சரியாக இருந்த ஓட்டத்தை, வளர்ந்த பவளமே தடுத்துவிட்டது. புதருக்குள் நுழைகிற நீர் கிளைக்குக் கிளை வேகம் இழந்து, நடுவில் கிட்டத்தட்ட நின்றுபோகிறது. பெரிய பம்ப் வைத்தால் வெளிநுனிகள் அடிபடும், நடுவில் பெரிய மாற்றம் வராது. எலும்பு வெட்டும் கத்தரியால் அவர் இடைவெளி விட்டு வெட்ட வெட்ட, இளைஞர் துண்டுகளை வாங்கிப் பசைவைத்துச் சிறு பீங்கான் தட்டுகளில் ஒட்டினார். வீட்டுக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. வளர்த்தவருக்கு அது வலிக்கும். ஆனால் கடலில் புயல் செய்கிற வேலை இது. முறிந்த துண்டுகள் விழுந்த இடத்தில் மறுபடி வேர்கொள்வது அக்ரோபோரா பரவும் வழிகளில் ஒன்று.

வெட்டும்போது அவர் கைகளைக் கவனித்தேன். உப்புநீரில் வருடக்கணக்கில் ஊறி, விரல் மடிப்புகள் வெடித்திருந்தன. இடது சுட்டுவிரலில் தடித்த வடு. தொட்டி நீரில் வாழும் ஒருவகை மைக்கோபாக்டீரியா, வெடிப்பு வழியே புகுந்து கட்டியாகிவிட்டதாம், மாதக்கணக்கில் மாத்திரை. சொவாந்திட் வகைப் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அவை ஒட்டிய கல்லை வெந்நீரில் போட்டு, ஆவியை மூச்சில் வாங்கி மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. முழங்கைவரை கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இரண்டும் இந்த வேலைக்குக் கட்டாயம். அவர் அணிந்திருந்த கையுறை சொந்தக் காசில் வாங்கியது. இந்த உயிர்களின் தேவையை இவ்வளவு நுட்பமாகப் படிக்கிற மனிதருக்கு ஒரு நல்ல கையுறையை முதலாளி வாங்கித் தரக் கூடாதா என்று எனக்குக் கோபம் வந்தது. அவரிடம் சொன்னேன். “கேட்டிருக்கேன் சார்” என்றார்.

வண்டிக்குத் திரும்பியதும் இளைஞரிடம், “தம்பி, அந்த டார்ச்சை நாளைக்கு மத்தியானம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு. விளக்கு முழுசா எரியிற நேரத்துல எடுக்கணும். பம்ப்பை நிறுத்தாம எடுக்கணும்” என்றார். அந்தப் படங்கள் தொடர்ந்து வந்தன. எனக்கும் அனுப்பினார்கள். சுருங்கிய இரண்டு தலைகளில் ஒன்று வாரக்கணக்கில் மெல்ல மெல்லச் சதை பிடித்து விரிந்தது. மற்றது பிழைக்கவில்லை, கூழாவதற்குள் அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். மூலையில் படர்ந்திருந்த சயனோ மருந்தில்லாமல் போய்விட்டது. அங்கே ஒரு காளான் பவளம் வைக்கலாமா என்று வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். இப்போது அங்கே ஓட்டம் அதிகம், அதற்கு ஆகாது, வேறு இடம் பார்த்துச் சொல்கிறேன் என்று இவர் பதில் அனுப்பியிருக்கிறார்.